காவிரிக் குடும்பமும் எல்லைப்புற மக்களும்

பாகலூரில் பிறந்த பிள்ளை மூன்று மொழிகளை வலிந்து கற்க வேண்டுவதில்லை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, பள்ளியில் தமிழ், சந்தையில் மூன்றும் என்னும் முறையில் அவை தாமே நாவில் வந்து அமர்கின்றன. இதில் வியப்பு ஒன்றுமில்லை. நாம் வாழும் இந்நிலம் எந்த ஓர் அரசுக்கும் நெடுங்காலம் உரியதாக இருந்ததன்று. பாளையக்காரர் ஊராக இருந்த பாகலூர், மைசூர்ப் போர்களின்போது படைகளின் வழியில் கிடந்தது. 1792இல் பாராமகால் ஆங்கிலக் கும்பினியார் கைக்குச் சென்றபோதும் ஓசூர்ப் பகுதி செல்லவில்லை. திப்பு சுல்தான் வீழ்ந்த 1799இல்தான் அதுவும் சென்றது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கொள்ளேகால் மைசூரோடு சேர்ந்தது. ஓசூர் வட்டம் சென்னை மாநிலத்திலேயே நின்றது. சேலம் மாவட்டத்தாராக இருந்த நாம் 1965இல் தருமபுரி மாவட்டத்தாராகவும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தாராகவும் ஆனோம். பெயர்ப்பலகைகள் மாறின. மாலூருக்கும் சர்ஜாபுரத்துக்கும் போகும் சாலைகள் மாறவில்லை. அவற்றின் வழியே நடந்த கொள்வினை கொடுப்பினையும் நிற்கவில்லை.

நம் சேரிகளில் மாலூர் வட்டத்திலோ ஆனேக்கல் வட்டத்திலோ அத்தையோ மாமனோ இல்லாத வீடுகள் மிகச் சிலவே. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சாவுக்கு ஓடுவதும், மாரியம்மன் திருவிழாவுக்கு வருவதும் எல்லையைக் கேட்டு நடப்பதில்லை. ஆயினும் சில நாட்களில் மட்டும், நேற்றுவரை கண்ணுக்குத் தெரியாதிருந்த அந்த எல்லை ஒரு சுவர்போல எழுந்து நின்றுவிடும். 1991, 2000, 2002, 2008, 2016 என அந்த ஆண்டுகளை நம் பெரியோர் விரல்விட்டு எண்ணுவர். 2000இல் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டு நூற்றெட்டு நாட்கள் காட்டில் இருந்த காலம் தவிர, மற்ற எல்லாவற்றிலும் காரணம் காவிரி நீரே. இத்தனைக்கும் பாகலூர் வயலில் காவிரி பாய்வதில்லை. நம் ஆறு தென்பெண்ணை. நமக்கில்லாத ஆற்றின் சண்டையில் நம் வீடுகளுக்கு ஏன் தீ வைக்கப்பட்டது என்பதை இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அச்சண்டையைத் தீர்க்க இருபுறத்து உழவர்களும் நேருக்கு நேர் அமர்ந்து பேசிய ஒரு முயற்சி நடந்தது என்பதையும், அதில் நமக்கு என்ன இடம் இருந்தது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். இவ்வெள்ளிவிழா மலரில் அவ்வரலாற்றை எழுத நாம் முன்வந்தது இதன்பொருட்டே.

வழக்கின் வேர் ஆழமானது. இங்குச் சுருங்கச் சொல்வோம். சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1892 பிப்ரவரி 18ஆம் நாளும், பின்னர் 1924இல் அதே பிப்ரவரி 18ஆம் நாளும் உடன்படிக்கை செய்துகொண்டன. இரண்டாவது உடன்படிக்கையின்படியே மைசூரில் கிருஷ்ணராஜசாகரமும், 1934இல் முடிந்த நம் மேட்டூர் அணையும் எழுந்தன. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதன் சில பகுதிகளை மறுபரிசீலனை செய்யலாம் என்பது ஏற்பாடு. 1974இல் அந்த ஐம்பது ஆண்டு முடிந்தது. உடன்படிக்கையே காலாவதியாயிற்று என்றது கர்நாடகம். இல்லை என்றது தமிழகம். 1968 முதல் 1990 வரை அமைச்சர் நிலையில் 26 முறை பேச்சு நடந்தது. ஒன்றும் பலிக்கவில்லை. அங்குப் பேசியவர் எவரும் தம் மாநிலத்துச் செய்தித்தாளுக்கு முதுகு காட்டிப் பேச முடியாதவர்கள் என்பது நம் கருத்து. விட்டுக்கொடுத்தவர் என்னும் பெயர் எடுத்தால் அடுத்த தேர்தலில் நிற்க முடியாதல்லவா!

இதற்கிடையில் 1983இல் டெல்டா உழவர்களின் சங்கம் ஒன்று உச்சநீதிமன்றத்தை அணுகியது. அதன் பொதுச்செயலாளர் மன்னார்குடி எஸ். ரங்கநாதன். அவ்வழக்கில் பிறந்த ஆணையின்படியே 1990 ஜூன் 2ஆம் நாள் காவிரி நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. இப்பெயரை இளைஞர்கள் நினைவில் கொள்க. மீண்டும் இவரிடம் வருவோம்.

நடுவர் மன்றம் என்னும் ஏற்பாடு எங்கிருந்து வந்தது? 1949 செப்டம்பர் 9ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் மாநிலங்களுக்கிடையிலான ஆற்றுநீர்ப் பிணக்குக்கென ஒரு பிரிவை முன்மொழிந்தவர் அண்ணல் அம்பேத்கர். இன்று அது அரசியல் சட்டத்தின் 262ஆம் பிரிவு. ஆற்றுநீர்ப் பிணக்கைத் தீர்க்கும் வழியைப் பாராளுமன்றமே சட்டம் செய்து வகுக்கலாம். வழக்கமான நீதிமன்றங்களின் அதிகாரத்தை அதிலிருந்து விலக்கவும் செய்யலாம் என்பது அதன் பொருள். அதற்கு முன்பே, 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழில் உறுப்பினராக இருந்தபோது, ஆறுகளை மாகாணத்துக்கு மாகாணம் துண்டாடாமல் ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் ஒன்றாகக் கருதித் திட்டமிட வேண்டும் என்னும் கொள்கைக்கு அடியிட்டவர் அவர். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் அக்காலத்தில் உருப்பெற்றது. 1927 மார்ச் 20ஆம் நாள் மகாத் நகரில் சவுதார் குளத்து நீரைக் கையில் அள்ளிப் பருகியவர்தாம் இவர். ஒரு குளத்தின் நீர் யாருக்கு என்னும் கேள்வியைத் தம் உடம்பால் அறிந்த ஒருவர், ஆறுகளின் நீர் யாருக்கு என்னும் கேள்விக்குச் சட்டம் வகுக்க வந்தார். நம் பள்ளிப் பாடநூல்களில் இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்வார் இல்லை.

நடுவர் மன்றம் 1991 ஜூன் 25ஆம் நாள் இடைக்கால ஆணை ஒன்றைத் தந்தது. ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் மேட்டூருக்கு வந்து சேர வேண்டும் என்றது அது. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) கர்நாடகம் அதை மறுத்து அவசரச் சட்டம் இயற்றியது, அச்சட்டம் செல்லாது என்று உச்சநீதிமன்றம் நவம்பர் 22ஆம் நாள் கருத்துரைத்தது. டிசம்பர் 11ஆம் நாள் ஆணை மத்திய அரசிதழில் வெளியாயிற்று. மறுநாள் முதல் பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலும் தமிழர் வாழும் இடங்கள் எரிந்தன.

எரிந்தவை எவை என்று நாம் கேட்டறிதல் வேண்டும். ஆணை பெற்றுத் தந்த வழக்கறிஞர்களின் மாளிகைகள் எரியவில்லை. டெல்டா மிராசுதாரின் நெற்களஞ்சியங்களும் எரியவில்லை. எரிந்தவற்றுள் மிகுதி குடிசைகள். வடார்க்காடு, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன்பே பாளையத்துப் பட்டாளத்துக்கும், கட்டட வேலைக்கும், துப்புரவுப் பணிக்கும், கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்கும் போன மக்களே கர்நாடகத்து ஏழைத் தமிழரில் பெரும்பாலோர். அவர்களிலும் பெரும்பகுதி ஆதிதிராவிடர். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம், மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைவிட்டது இம்மக்களிடையேதான். நூறு ஆண்டு அங்கே உழைத்து, கன்னடம் பேசி, கன்னடப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள், ஒரு டிசம்பர் இரவில் அயலார் ஆனார்கள். பல்லாயிரவர் மூட்டை முடிச்சுகளோடு எல்லை கடந்து தமிழகம் வந்தனர். இங்கு வந்தபின் அவர்களை உறவென்று அழைத்துப் பாயும் கஞ்சியும் கொடுத்தவர்கள் நம் சேரியினர். அவ்விரவுகளை இன்றும் சொல்லும் மூதாட்டிகள் நம்மிடையே உள்ளனர். ‘தண்ணி கேட்டது யாரோ, தீ வந்தது எங்க வூட்டுக்கு’ என்பார் அவர்களுள் ஒருவர்.

நாணயத்தின் மறுபுறத்தையும் மறைத்தல் ஆகாது. இப்பக்கத்திலும் ஒவ்வொரு கொந்தளிப்பிலும் கர்நாடகப் பதிவெண் கொண்ட வண்டிகளும் கன்னடர் நடத்தும் உணவகங்களும் தாக்கப்பட்டதுண்டு. 2016 செப்டம்பரில் சென்னை மயிலாப்பூரில் ஒரு கன்னடர் விடுதியின்மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. தீ வைப்பவனுக்கு மொழி ஒரு சாக்கு.

இனி நம் கட்டுரையின் நடுப்பகுதிக்கு வருவோம்.

2002ஆம் ஆண்டு மழை பொய்த்தது. வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படும் மேட்டூர் அணை அவ்வாண்டு அந்நாளில் திறக்கப்படவில்லை. டெல்டாவின் குறுவை அழிந்தது. மண்டியாவிலும் வயல்கள் வெடித்துக் கிடந்தன. அங்கே நீர் திறக்கக் கூடாதென்று மறியல். இங்கே திறக்க வேண்டுமென்று மறியல். செப்டம்பர் மாதத்தில் கபினி அணையில் குதித்து ஓர் உழவர் உயிர் துறந்தார். அக்டோபரில் கர்நாடக முதலமைச்சர் எஸ். எம். கிருஷ்ணா பாதயாத்திரை மேற்கொண்டார். தமிழ்த் திரையுலகினர் நெய்வேலியில் பேரணி நடத்தினர். அத்திப்பள்ளியில் பேருந்துகள் நின்றன. இத்தகைய சூழலில் இரு மாநில உழவர்களும் ஓரறையில் அமர்ந்து பேசலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் ஊர் சிரித்திருக்கும்.

அவ்வாறு சொன்னவர்கள் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார். அந்நிறுவனத்தின் அறிஞர் எஸ். குகன், காவிரிப் பிணக்கைப் பற்றி 1993இலேயே ஒரு நூல் எழுதி, சமரசமே வழி என்று வாதிட்டிருந்தார். அவர் 1998இல் காலமானார். அவ்வழியைக் கையில் எடுத்தவர் அதே நிறுவனத்துப் பொருளியல் பேராசிரியர் எஸ். ஜனகராஜன். மத்திய அரசின் நீர்வளத்துறைச் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற இராமசாமி ஆர். ஐயர் போன்றோரும் துணை நின்றனர். 2003 ஏப்ரல் மாதத்தில் சென்னையில் முதற்கூட்டம் கூடியது. ஜூன் மாதத்தில் பெங்களூரில் இரண்டாம் கூட்டம். அங்கு அமைந்த குழுவுக்குக் ‘காவிரிக் குடும்பம்’ என்று பெயரிட்டனர். குழு என்றோ ஆணையம் என்றோ பெயரிடாமல் குடும்பம் என்று பெயரிட்டது பொருத்தமே. குடும்பத்தில் சண்டையிட்டாலும் மறுநாள் ஒரே கிணற்றில்தான் நீர் இறைக்க வேண்டும்.

அக்குடும்பத்தில் தமிழகத்தின் பக்கம் அமர்ந்தவருள் ஒருவர், 1983இல் வழக்குத் தொடுத்த சங்கத்தின் ரங்கநாதனே. எதிர்ப்பக்கத்தில் கர்நாடக மாநில ரயத சங்கத்தின் தலைவருள் ஒருவரான மண்டியாவின் கே. எஸ். புட்டண்ணய்யா போன்றோர். இதன் அருமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வழக்குமன்றத்தில் எதிரெதிர் நின்றவர்கள், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, வழக்கறிஞர் இல்லாமல், அமைச்சர் இல்லாமல், செய்தியாளரை வெளியே நிறுத்திவிட்டு, எதிரியோடு உண்டு பேசத் துணிந்தனர். தத்தம் ஊருக்குத் திரும்பியபின் ‘நீ அவனுக்கு விலைபோனாயா’ என்னும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்களும் அவர்களே.

பேச்சு எங்ஙனம் தொடங்கியது என்பதுதான் நமக்குப் பாடம். டெல்டா உழவர் மனத்தில், மேலே இருப்பவர் அணைகளை அடைத்துக்கொண்டு கரும்பும் நெல்லும் ஓயாது பயிரிட்டுக் கொழிக்கிறார் என்னும் எண்ணம் இருந்தது. மண்டியா உழவர் மனத்தில், கீழே இருப்பவர் போகத்துக்குப் போகம் நெல் நட்டு, மிகுந்த நீரைக் கடலில் விடுகிறார் என்னும் எண்ணம் இருந்தது. இரண்டும் மேடைகளில் வளர்ந்த எண்ணங்கள். ஒருவர் வயலை மற்றவர் கண்டதில்லை. ஆகவே குடும்பத்தார் முதலில் செய்தது, ஒருவர் ஊருக்கு மற்றவர் போய் வரப்பில் நடந்து பார்த்தது. கன்னட உழவர் டெல்டாவில் வறண்ட வாய்க்காலையும், தமிழக உழவர் மண்டியாவில் கடைமடைக்குப் போய்ச் சேராத கால்வாயையும் கண்டனர். உழவனுக்கு உழவன் பொய் சொல்ல முடியாது. மண்ணைக் கையில் எடுத்தால் நிலை தெரிந்துவிடும். பற்றாக்குறை ஆண்டில் இருவருமே இழப்பவர், இழப்பைப் பகிர்ந்துகொள்வதே கேள்வி என்னும் இடத்துக்குப் பேச்சு வந்து சேர்ந்தது. நீரைப் பங்கிடுவது எப்படி என்று தொடங்கியோர், இன்மையைப் பங்கிடுவது எப்படி என்று கேட்கலாயினர். 26 அமைச்சர் கூட்டங்கள் எட்டாத இடம் அது.

ஆயினும் மிகைபடப் புகழ்தல் வேண்டா. இரு அரசுகளும் ஏற்றுக்கொண்ட பங்கீட்டுத் திட்டம் எதுவும் அக்குடும்பத்திலிருந்து பிறக்கவில்லை. ஆண்டுகள் பல கூடிப் பேசியும், எத்தனை மழை பொய்த்தால் எத்தனை விழுக்காடு குறைப்பது என்னும் கணக்கில் வந்து நின்றுபோயினர். கடைசியில் தீர்த்தது சட்டமே. நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5ஆம் நாள் இறுதித் தீர்ப்பளித்து, பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்றது. உச்சநீதிமன்றம் 2018 பிப்ரவரி 16ஆம் நாள் அதனை 177.25 என்று குறைத்தது, குறைத்த 14.75இல் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு என்றது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மேலாண்மை ஆணையம் அமைந்தது. தீர்ப்பு வந்த இரண்டாம் நாள் புட்டண்ணய்யா மாரடைப்பால் மறைந்தார். பெங்களூருக்கென ஒதுக்கிய நீரைக் குழாயடியில் குடத்துடன் நின்று பிடிப்பவருள் நம் உறவினர் பலர் உள்ளனர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். காவிரி கர்நாடகத்துக்குப் போனால் தமிழனுக்கு நட்டம் என்று யாரேனும் மேடையில் முழங்கும்போது, அல்சூர்ச் சேரியில் குடம் தூக்கும் தமிழச்சி எந்தக் கணக்கில் சேர்வாள்?

இதுவே காவிரிக் குடும்பத்தைப் பற்றி நாம் எழுப்பும் கேள்வியும். அது உழவர் குடும்பம். நிலமுடையார் சங்கங்களின் தலைவர்களும் நீரியல் அறிந்தோரும் அதில் அமர்ந்தனர். டெல்டாவில் நாற்று நடுபவரும் களை பறிப்பவரும் அறுப்பவரும் பெரும்பாலும் நிலமற்ற நம் மக்கள். 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியில் குடிசையோடு எரிந்த 44 பேரும் அத்தகையோரே; அவர்கள் கேட்டது கூலி. குறுவை அழிந்தால் நிவாரணம் பெரும்பாலும் ஏக்கர்க் கணக்கில் வருகிறது. ஏக்கர் இல்லாதவனுக்குக் கணக்கும் இல்லை. மண்டியாவில் கரும்பு வெட்டும் ஹொலெயர், மாதிகர் நிலையும் இதுவே. பிணக்கு மூளும்போது முதலில் எரிவது பெங்களூர்ச் சேரி. இம்மூவருக்கும் அக்குடும்பத்தில் நாற்காலி இடப்படவில்லை. அமைத்தவர் நெஞ்சில் வஞ்சம் இருந்ததென்று நாம் சொல்லவில்லை, அவர்கள் நல்லோர். ஆனால் ஒரு பிணக்கில் கட்சிக்காரர் யார் என்று எண்ணும்போது, நீரின்மீது உரிமை உடையவரை மட்டும் எண்ணினர். நீரின்பொருட்டு அடிபட்டவரை எண்ணவில்லை.

நாற்காலி என்பது நமக்குப் புதிய வழக்கன்று. 1930 நவம்பரில் இலண்டனில் வட்டமேசை மாநாடு கூடியபோது, இந்தியாவின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச இந்துக்களும் முஸ்லிம்களும் சுதேச மன்னர்களும் வந்தனர். ஒடுக்கப்பட்டோர் சார்பில் அமர்ந்தவர் இருவர்: அம்பேத்கர் ஒருவர், நம் இரட்டைமலை சீனிவாசன் மற்றொருவர். அவ்விருவர் அங்கே இராதிருந்தால் நம் மக்களின் குறை யாரோ ஒருவர் உரையில் ஒரு வாக்கியமாக முடிந்திருக்கும். அங்கிருந்து தொடங்கிய வழக்கே 1932 செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தத்தில் வந்து நின்றது. அறிவிப்பில் இருந்த 71 தனித்தொகுதி இடங்களுக்கு ஈடாக 148 கூட்டுத்தொகுதி இடங்கள் பெற்றதும், அதன்பொருட்டு இழந்ததும் இன்றளவும் நம்முள் வாதுக்குரியவை. எதிரெதிர் நின்றோர் மேசைக்கு வந்து கையெழுத்திட்டனர் என்பதோடு, ஒருவரின் உண்ணாநோன்பு மற்றவர் கழுத்தின்மீது கத்தியாகத் தொங்க நடந்த பேச்சு அது என்பதையும் மறக்கலாகாது. எல்லாப் பேச்சும் சமமானோர் பேச்சல்ல.

அயல்நாட்டில் ஒரு செய்தி. வட அயர்லாந்தில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் முப்பது ஆண்டு கொன்று கொண்டபின், 1996இல் அமைதிப் பேச்சுக்கு உறுப்பினரைத் தேர்தல் வழியே அனுப்ப முடிவாயிற்று. பட்டியலில் பெண்கள் இல்லாததைக் கண்டு, இரு சமயத்துப் பெண்களும் சேர்ந்து சில வாரங்களில் ‘பெண்கள் கூட்டணி’ என்று ஒரு கட்சி அமைத்தனர். நூற்றுக்கு ஒரு வாக்கு பெற்றனர். இரண்டு நாற்காலி கிடைத்தது. 1998 ஏப்ரல் 10ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையில், பாதிக்கப்பட்டோர் நலன், இரு சமயப் பிள்ளைகளும் ஒன்றாய்ப் படிக்கும் பள்ளி, கலந்து வாழும் குடியிருப்பு ஆகியவை இடம்பெற அவர்கள் உழைத்தனர். துப்பாக்கி வைத்திருந்தோர் கேட்டறியாத பொருள்கள் அவை.

நம் பக்கம் திரும்புவோம். அரசுகளும் ஓரொருகால் நல்லது செய்தன. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் பதினெட்டு ஆண்டு துணியால் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. முதலமைச்சர்கள் கலைஞர் கருணாநிதியும் எடியூரப்பாவும் இரு விழாவிலும் கூடினர். வள்ளுவரைப் பறைக்குடியோடும் சர்வக்ஞரைக் குயக்குலத் தாயோடும் சேர்த்துச் சொல்லும் பழங்கதைகள் உண்டு. இரு மொழியும் தம் பெருமைக்கு வைத்த சிலைகள் இவ்விருவருடையவை என்பதைக் கண்டு நாம் உள்ளூர நகைத்துக்கொண்டோம்.

ஆயினும் சிலைகள் 2016 செப்டம்பர் 12ஐத் தடுக்கவில்லை. அன்று பெங்களூரில் ஒரு பணிமனையில் மட்டும் தமிழகத்துத் தனியார் பேருந்துகள் நாற்பதளவில் சாம்பலாயின. எல்லையில் வண்டிகள் நின்றன. அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே மக்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்து நடந்தனர். பெங்களூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் சிலரும் அவ்வழியே நடந்து வந்தனர். கன்னடம் தடையின்றிப் பேசியதால் தப்பினோம் என்றனர். அதைக் கேட்டு மகிழ்வதா அழுவதா என்று தெரியவில்லை. உறவு வளர்க்க வேண்டிய மொழி, அன்று உயிர் காக்கும் கடவுச்சொல்லாகச் சுருங்கிப் போயிற்று.

இருமொழியாளரின் பேச்சுக்கு வேறு ஒரு பயனும் உண்டு என்பதை நம் படிப்பகத்தில் கண்டோம். கன்னடத் தலித் கவிஞர் சித்தலிங்கையா, 2021இல் மறைந்தவர். அவர் எழுதிய தன்வரலாற்றைப் பாவண்ணன் ‘ஊரும் சேரியும்’ என்று தமிழாக்கினார். அதனை ஒரு மாலை உரக்கப் படித்தபோது, மகடி வட்டத்துச் சேரியைப் பற்றி எழுதியதென்று பலர் நம்பவில்லை. நம் சேரி என்றே எண்ணினர். படிப்பு முடிந்ததும், சர்ஜாபுரத்திலிருந்து மருமகளாய் வந்த பெண் ஒருத்தி, மூலத்தைக் கன்னடத்தில் வாங்கித் தந்தால் தான் படித்துக் காட்டுவதாகச் சொன்னாள். வாங்கித் தந்தோம்.

இப்போது நம் வாயிலிலேயே ஒரு பிணக்கு வளர்ந்துள்ளது. நந்திமலையில் பிறந்து வரும் தென்பெண்ணை, முகளூர் கடந்து கொடியாளம் வழியே நம் வட்டத்தில் நுழைந்து கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. 1892 உடன்படிக்கையில் இவ்வாறும் அடங்கும். மார்க்கண்டேய ஆற்றில் யார்கோல் என்னுமிடத்தில் கர்நாடகம் கட்டிய அணையை எதிர்த்துத் தமிழகம் 2018இல் உச்சநீதிமன்றம் சென்றது. நடுவர் மன்றம் கேட்குமாறு 2019 நவம்பரில் நீதிமன்றம் சொன்னது. 2020 ஜனவரியில் மத்திய அரசு பேச்சுக் குழு ஒன்றை அமைத்தது. அதில் அமர்ந்தவர் மத்திய, மாநில அரசுகளின் அலுவலர்கள். அவர்கள் பேசியது எத்தனை டி.எம்.சி. என்பதைப் பற்றி. நமக்கோ அளவைவிட நிறம் பெரிய கேள்வி. பெங்களூரின் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே வந்து கலப்பதால், மழைநாளில் மலை மலையாய் நுரை பொங்கி, கெலவரப்பள்ளிக் கால்வாய் வரை மிதந்து போகிறது. கால் நனைத்தால் அரிப்பு. மாடு குடிக்க மறுக்கிறது.

ஆகவே நம் சங்கத்து இளைஞர்கள் சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனு எதுவும் எழுதாமல், ஆற்றின் வழியே மேலே நடந்து எல்லைக்கு அப்பாலுள்ள உறவினர் சேரிக்குச் சென்றனர். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை; முதலில் களியும் குழம்பும் வந்தன. உண்டபின், ‘உங்கள் ஊரிலிருந்துதானே இந்த நுரை எங்களுக்கு வருகிறது, அத்தே?’ என்று ஒருவன் விளையாட்டாய்க் கேட்டான். அந்த அத்தை வெளியே அழைத்துப் போய்த் தன் கால்களைக் காட்டினாள். கணுக்கால்வரை தோல் உரிந்திருந்தது.

‘எங்களுக்கும் மேலேயிருந்துதாம்பா வருது’ என்றாள்.